காலி எடை

கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி அரை கிலோமீட்டரில்
தமிழும் மலையாளமும் ஒரே பலகையில்
தோள் இடித்துக்கொண்டு நிற்கும் எடைமேடை.
நான் போய்ச் சேரும்போது பதினோரு லாரி வரிசை.
ஒன்பதில் தேங்காய், ஒன்றில் வைக்கோல்,
ஒன்றில் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

"நேத்து ராத்திரி இடி," என்றாள் பிரஸீதா.
"லைட்டு ஒருக்கா வெள்ளையா எரிஞ்சுது.
பின்னே இது எந்திரிக்கவே இல்ல."
அந்தப் பின்னேயில் மட்டும் அவள் ஊர் தெரிந்தது.

பொத்தானை அழுத்தினேன்.
விசிறி கால் சுற்று சுற்றிவிட்டு
கூச்சப்பட்டதுபோல் நின்றுகொண்டது.

ரேமை உருவி அழிரப்பரால் தேய்த்தேன். கால் சுற்று.
பட்டன் செல்லை மாற்றினேன். கால் சுற்று.
சிடி டிரைவின் வயரைப் பிடுங்கினேன்,
உள்ளே ஒரு பல்லிமுட்டை ஓடு இருந்தது. கால் சுற்று.
கடைசியாக ஹார்ட் டிஸ்க்கின் வயர்.

விசிறி ஓடியது.
ஓடிக்கொண்டே இருந்தது.
பீப். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
தொடங்க இங்கே எதுவும் இல்லை, வட்டு போடு, விசையைத் தட்டு.
இத்தனை ஆரோக்கியமான மறதியை நான் பார்த்ததில்லை.

மாட்டினால் சாகிறது.
கழற்றினால் பிழைக்கிறது, ஒன்றும் தெரியாமல்.

"அப்ப அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிரு,"
என்றார் ராவுத்தர். சற்று வேகமாகவே சொன்னார்.
பிரஸீதா அவரைப் பார்க்கவில்லை.
"ஏழு வருஷ எடை அதுல இருக்கு," என்றாள் என்னிடம்.
"சென்னியப்பன் வண்டிக் கேஸு வேற வாய்தா வருது."

வைக்கோல் லாரிக்காரர் ஜன்னலில் தலை நீட்டி
கையால் ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்.
"மேடை சொல்லாம நான் எழுத மாட்டேன்."
அவர் பீடிக்குப் போனார்.

அவள் என் மேசையைப் பார்த்தாள்,
வரிசையாகக் கிடந்த ரேம், செல், வயர்.
"இது எங்க கணக்குதானே.
சரக்கோட ஒரு எடை, இறக்கிட்டு ஒரு எடை.
கழிச்சா சரக்கு. நீங்களும்
கழிச்சுக் கழிச்சுத்தான் கண்டுபிடிக்கிறீங்க."
பன்னிரண்டு வருடத்தில் யாரும் எனக்குத் தராத கூலி அது.
கேட்காததுபோல் ஸ்க்ரூ திருகினேன்.

டிஸ்க்கின் பச்சைப் பலகையைத் திருப்பிப் போட்டேன்.
மின்சாரம் நுழையும் வாய்க்குப் பக்கத்தில்
உளுந்தளவு ஒரு கறுப்புத் துண்டு.
இருபுறமும் மீட்டர் முனையை வைத்தால்
விடாமல் கத்தியது.

இடி இறங்கியபோது அத்தனையையும் தன்மேல் வாங்கி
அப்படியே செத்திருக்கிறது,
செத்தும் பிடியை விடவில்லை.
அதற்குப் பயந்துதான் ஒவ்வொரு முறையும்
கால் சுற்றோடு நின்றிருக்கிறது.

"டிவிஎஸ் டையோடு," என்றேன்.
"வெளிய நிக்கிறதும் அதுதானே," என்றார் ராவுத்தர்
என் மொபெட்டைக் காட்டி.
அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டிங் பிளேயரால் கிள்ளி எடுத்தேன்.
மாட்டினேன். பொத்தான்.
விசிறி, பிறகு அதற்கும் கீழே
தூரத்து நெல்மில் கிளம்புவதுபோல ஒரு சுழற்சி.

"இப்ப இதுக்குக் காவல் இல்ல,
இன்னொரு இடி தாங்காது.
காப்பி முடியற வரைக்கும் யாரும் தொடாதீங்க."
பிரஸீதா வெளியே எட்டிப் பார்த்தாள்.
நெல்லியாம்பதிப் பக்கம் கறுத்துக் கிடந்தது.

நாற்பது நிமிடம்.
பச்சைக் கோடு ஊர்ந்தது.
நாங்கள் மூன்று பேரும்
மூன்று காரணங்களுக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரிகள் எல்லாம் போன பிறகு
மொபெட்டோடு மேடைமேல் ஏறி நின்றேன், சும்மா.
நூற்று அறுபது என்றது.
சீட்டு அடித்துத் தந்தாள்.
காலி எடைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

சட்டைப்பையில் அந்த உளுந்து.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அந்த மேடைக்குக் கண் தெரியாது.